மாடிக்கு வராத கணவர்

"ஹலோ... ஆமா, நான்தான் பேசறேன்... ஆமா சார், ஆலோசகர்தான்... டாக்டர்னு கூப்பிடாதீங்க சார், நான் மருந்து எழுதறவ இல்ல, ஊசியும் கிடையாது... சொல்லுங்க... எங்க இருக்கீங்க?... சிக்னல்லயா... ஓ... பெரிய டிராஃபிக்கா?... வண்டி கொஞ்சம்கூட நகரலையா... அடடா... முன்னாடி லாரி வேற நிக்குதா... ம்... ம்... பாவம் சார் நீங்க..."

மூன்றாம் மாடி ஜன்னலோரம் நின்றிருந்த ஆலோசகர் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கிக் கீழே எட்டிப் பார்த்தார். வண்டி நிறுத்துமிடத்தில், கட்டடத்தின் வாசலுக்கு நேர் எதிரே, ஒரு மஞ்சள் கார் நின்றது. கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை. முன்னாலும் பின்னாலும் சிவப்பில் பெரிய 'எல்'. மழை பெய்து வாரக்கணக்கில் ஆகிறது. அந்தக் காரின் வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

"சார்... ஒண்ணு கேக்கலாமா?... அந்த சிக்னல்ல மழையா?... இல்ல, வைப்பர் ஓடுதே, அதான் கேட்டேன்..."

கீழே வைப்பர் சட்டென்று நின்றது.

"ஹலோ... சார்?... இருக்கீங்களா?... இருக்கீங்க, மூச்சு கேக்குது... பரவாயில்ல சார், நான் திட்டல... ஆமா, ஜன்னல்ல நிக்கறது நான்தான்... அவ்ளோ எக்கிப் பாக்காதீங்க, கழுத்து பிடிச்சுக்கும்... வணக்கம் சார், வணக்கம்... அந்த லாரி எங்க போச்சுன்னு நான் கேக்கவே மாட்டேன்..."

கீழே காரில் இருந்தவர் டிரைவிங் வாத்தியார். ஊரில் பாதிப் பேர் வண்டி ஓட்டுவது அவர் புண்ணியத்தில்; அவரிடம் பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்துபோன மீதிப் பேர் நடந்துதான் போகிறார்கள். அவருடைய மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். அறைக் கதவில் பதித்திருந்த கண்ணாடிப் பட்டை வழியாக அவள் ஆலோசகருக்கு நன்றாகத் தெரிந்தாள். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, அங்கே வரவேற்பு மேசையில் இருக்கும் உதவியாளரின் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, கைப்பையிலிருந்து ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து, லொடலொடத்த அதன் காலை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

இதே நாற்காலியில் ஏற்கெனவே இரண்டு முறை காத்திருந்து, கணவர் வராமல், யாரையும் குறை சொல்லாமல் எழுந்து போனவள் அவள். இன்று நுழைந்ததுமே ஆலோசகரிடம் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் அவர் வரவில்லையென்றால் இனி கூப்பிடப் போவதில்லை. கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை பேசியாயிற்று, துணிமணியும் எடுத்து வைத்தாயிற்று. அவள் குரலில் கோபம் இல்லாததுதான் ஆலோசகருக்குக் கவலையாக இருந்தது. அந்தக் கண்ணாடி வேலை முடிகிற வரைக்கும்தான் உட்கார்ந்திருப்பாள் போலிருந்தது.

இதைக் கீழே இருக்கிறவரிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் ஓடி வந்துவிடுவார். ஆனால் சொல்ல முடியாது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோனால் அந்த அறையில் அப்புறம் யாருமே வாயைத் திறக்க மாட்டார்கள்.

"அவங்க என்ன சொன்னாங்கன்னா?... அத நான் சொல்ல மாட்டேன் சார்... கொஞ்சூண்டுகூட மாட்டேன்... மூஞ்சி எப்படி இருக்கா?... மூஞ்சி மூஞ்சி மாதிரிதான் சார் இருக்கு... கோவமா சிரிப்பான்னு நீங்களே வந்து பாத்துக்கலாமே... இல்ல சார், கேளுங்க. நாளைக்கு நீங்க என்கிட்ட தனியா ஏதாவது சொன்னாலும் அவங்ககிட்ட போட்டுக்குடுக்க மாட்டேன்... ஆமா... ரெண்டு பேருக்கும் ஒரே பூட்டுதான்... மேல வாங்களேன் சார்... என்ன கேப்பேனா?... கேள்வித்தாள் எல்லாம் கிடையாது... பாஸ், ஃபெயிலா?... அய்யோ, இல்ல சார், ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி மார்க் போட மாட்டேன்... படிச்சிட்டு வந்தீங்களா?... எத சார் படிச்சீங்க?... பதில் எல்லாம் மனப்பாடமா?... சரி, ஒண்ணு சொல்லுங்க பாப்போம்... ம்... 'வாழ்க்கை என்பது இரு சக்கரம்'... ம்... போதும் சார், போதும், நல்லா இருக்கு... அத மறந்துட்டு வாங்க..."

ஆலோசகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பவும் கீழே பார்த்தார். காரின் பின் ஜன்னலில் ஏதோ அசைந்தது.

"சார்... பின் சீட்ல யாரு?... யாரும் இல்லையா... அப்ப தலைய ஆட்டறது ஸ்டெப்னி டயரா?... அக்காவா?... உங்க கூடப் பொறந்த அக்காவா?... சாட்சியா?... எதுக்கு சார் சாட்சி?... ஓஹோ... உங்க மனைவி அவங்க அண்ணனக் கூட்டிட்டு வருவாங்க, அதனால உங்க பக்கமும் ஒரு ஆளு வேணும்னு... அது சரி... அவங்க தனியாத்தான் வந்திருக்காங்க சார்... இது ரகசியம் இல்ல, யாரு எட்டிப் பாத்தாலும் தெரியும்... அக்காவ மேல கூட்டிட்டு வரக்கூடாது... இல்ல சார், கூடவே கூடாது... இது ரெண்டு பேருக்கான ரூம்... ஆமா, நாற்காலி இருக்கு, நாற்காலி நெறைய இருக்கு, அதுக்காக... என்னது?... அக்கா பேசணுமா?... என்கிட்டயா?... சரி, குடுங்க..."

ஆலோசகர் முதுகை நேராக்கிக்கொண்டார்.

"வணக்கம்க்கா... நல்லா இருக்கேன்... நீங்க?... முட்டிதானா... ம்... சொல்லுங்க... ஆமாக்கா, படிச்சிருக்கேன்... மனோதத்துவம்... முறையாத்தான், சுவத்துல மாட்டியிருக்கேன்... அதுக்கு முன்னாடியா? அதுக்கு முன்னாடி வாஷிங் மெஷின் கம்பெனில இருந்தேன்... நெஜமாத்தான்க்கா... சிரிங்க, சிரிங்க... மெஷின் ஓடலைன்னா போன் பண்ணித் திட்டுவாங்கல்ல, அந்தத் திட்டக் கேக்கற வேலை... ஆமா, காதுல ஒண்ண மாட்டிக்கிட்டு நாள் பூரா... ம்... இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னா... சொல்றேன். ஒரு அம்மா விடாம போன் பண்ணுவாங்க. மெஷின் சத்தம் போடுதுன்னு. ஆள அனுப்பினா பஞ்சு மாதிரி சத்தமில்லாம ஓடும். அவரு திரும்பி வந்த மறுநாள் மறுபடியும் போன், சத்தம் போடுதுன்னு... கரெக்ட்டு, நானும் உங்கள மாதிரித்தான் நெனச்சேன், வீட்டுக்காரர்தான் சத்தம் போடறாரு போலன்னு... இல்லக்கா. அந்த வீட்டுல யாருமே சத்தம் போடல. அந்த அம்மாகிட்ட பேச ஒரு ஆள் இல்ல. அவரு ஒரு ரூம்ல, இவங்க ஒரு ரூம்ல... ம்... ஆமா... எனக்கு எழுதிக் குடுத்திருந்த பதிலு, 'பிளக்கக் கழட்டித் திருப்பி மாட்டிப் பாருங்கம்மா'. அத எத்தன தடவ சொல்றது?..."

முன்னறையில் மனைவி கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். திருப்தியில்லை. மறுபடியும் முடுக்கினாள். ஆலோசகருக்கு மூச்சு வந்தது.

"அதான்க்கா, சாயங்கால காலேஜ்ல சேந்தேன்... வேலைய விடல, விட்டா யாரு சோறு போடுவா... அப்புறம் ஆஸ்பத்திரில, மனசு சரியில்லாதவங்க வார்டுல இருந்தேன்... பயமாத்தான் இருந்துச்சு மொதல்ல... அப்புறம் இல்ல... அதுக்கப்புறம் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சேத்து வச்சுப் பேசறதுக்குன்னு தனியாப் பழகினேன்... ஆமா, அதுக்கும் பழக்கம் வேணும்... எங்க மூத்தவங்க ஒருத்தங்க, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உக்காந்து நான் பேசறதப் பாத்துட்டு, வெளிய வந்ததும் கிழிகிழின்னு கிழிப்பாங்க. 'அந்த ஆளு அழப் போறான், நீ ஏன்டி குறுக்க தண்ணி குடுத்த?'... ம்... இப்பவும் அவங்ககிட்ட போய் உக்காந்து திட்டு வாங்கிட்டுத்தான் இருக்கேன்... ஆமாக்கா, எனக்கும் ஒரு அக்கா வேணும்ல... கல்யாணமா?... எனக்கா?... பல் டாக்டர்கிட்ட போனா, அவருக்கு எத்தன பல்லுன்னு எண்ணிட்டா வாயத் திறப்பீங்க?... ஹா ஹா... ஆச்சுக்கா, ஆச்சு. ஒரு மனுஷன் இருக்காரு... வீட்டுல நான் ஆலோசகர் எல்லாம் இல்ல, வீட்டுல யாரு என் பேச்சக் கேக்கறா..."

கீழே காரின் பின் கதவு திறந்து, ஒரு கால் மட்டும் வெளியே வந்து காற்று வாங்கியது. அக்கா வசதியாக உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது.

"அவங்களுக்கு நாலு நல்ல புத்தி சொல்லணுமா?... மாட்டேன்க்கா... தம்பிக்கும் சொல்ல மாட்டேன்... இல்ல, அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல... பின்ன என்னதான் பண்ணுவேனா?... ம்... ஒருத்தர் பேசணும், இன்னொருத்தர் கேக்கணும். கேட்டதும் 'அது அப்படி இல்ல'ன்னு பாயக் கூடாது. என்ன கேட்டீங்களோ அத மொதல்ல திருப்பிச் சொல்லணும். சொன்னவங்க 'ஆமா, அதேதான்'னு தலைய ஆட்டணும். அப்புறம்தான் உங்க முறை... இதுக்கா படிச்சேனா?... ஹா ஹா... ஆமாக்கா, இதுக்குத்தான்... கிளி சொல்லிடுமா?... கிளி திருப்பிச் சொல்லும்க்கா, அதுக்கு 'ஆமா அதேதான்' வாங்கத் தெரியாது... சுலபம்னா செஞ்சு பாக்கலாமா?... இப்பவே... தம்பியப் பத்தி ஏதாவது சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்றேன்... ம்... ம்... ம்... ஆமா... ம்..."

அக்கா ஒரே மூச்சில் நிறையப் பேசினார். ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முன்னறையில் என்ன நடக்கிறதென்று பார்க்கவேண்டும் போல இருந்தும் பார்க்கவில்லை.

"சரிக்கா, நான் சொல்றேன், தப்புன்னா நிறுத்துங்க. உங்க தம்பி யாரையும் கைநீட்டி அடிச்சதில்ல, குரல உசத்தினதில்ல, வேலை விட்டா வீடு. அப்படிப்பட்டவன்கூட ஒருத்தியால இருக்க முடியலைன்னா, தப்பு எங்கன்னு உங்களுக்குப் புரியல. ஒருவேளை வளத்த நீங்கதான் சரியா வளக்கலையோன்னு உள்ளுக்குள்ள ஒரு இது... சாட்சி சொல்றதுக்கு வரல, நீங்க. உங்க மேல தப்பு இல்லைன்னு யாராவது சொல்லுவாங்களான்னு வந்தீங்க... சரியாச் சொன்னேனா?... அக்கா?... ஹலோ... அக்கா... ம்... அதேதானா... ம்... மெதுவா... முந்தானையில வேணாம், தம்பிகிட்ட டிஷ்யூ இருக்கும், டேஷ்போர்டுல பாருங்க... இருக்கா?... நான் எங்கயும் போகல..."

 பிறகு போனிலிருந்து வந்த குரல் மிகவும் தணிந்திருக்க வேண்டும். ஆலோசகர் இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

"என்னக்கா?... சத்தமா... ஓ, தம்பி காதுல விழக் கூடாதா... தனியா வர்றவங்களையும் பாப்பேனா?... பாப்பேன்க்கா... தனியா, ஜோடியா, எப்படி வேணா... ஒருத்தர் மட்டும் வந்தா, அவங்க மனசுல கெடக்கறதக் கேட்டுக்கிட்டு இருப்பேன், அவசரப்படுத்த மாட்டேன்... யாருக்கு?... உங்களுக்கா?... வீட்டுக்காரரா... ரிட்டையர் ஆயிட்டாரா... ம்... அதுலேருந்து நீங்க எங்க போனாலும் பின்னாடியே வர்றாரா... அடுக்களைக்குள்ளயுமா... டப்பா டப்பாவாத் திறந்து மோந்து பாக்கறாரா?... அய்யோ, அக்கா, சிரிக்கக் கூடாதுதான்... ம்... கண்டிப்பா வாங்க... அவரும் பின்னாடியே வந்துடுவாரே... அதுவும் நல்லதுதான்... சரிக்கா, இப்ப தம்பிகிட்ட குடுங்க... நீங்க கார்லயே இருங்க... அவன நீங்களே தள்ளி விடறீங்களா?... வேணாம், வேணாம், தள்ள வேணாம்! போனக் குடுத்தா போதும்..."

"சார்... அக்கா அழுதாங்களா... நான் ஒண்ணும் பண்ணல சார், சத்தியமா... சொல்லுங்க, நீங்க எப்படி இருக்கீங்க?... இல்ல, வண்டி இல்ல, நீங்க... ம்... ம்..."

மனைவி ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டாள். உதவியாளர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"ம்... திருப்பிச் சொல்றேன் சார், அக்காகிட்ட சொன்னேன்ல, அதே மாதிரி... வீட்டுல அவங்க உங்ககிட்ட பேசறதே இல்ல. நீங்க என்ன சொன்னாலும் 'சரிங்க வாத்தியாரே'ன்னு ஒரே வார்த்தை. மொதல்ல கேலின்னு நெனச்சீங்க. இப்பக் கேலி இல்லைன்னு தெரியுது... ஆமாவா?... ம்... நீங்க சொல்றதெல்லாம் அவங்க நல்லதுக்குத்தான். குழாய அப்படி முறுக்காத, துண்ட இப்படி மடி, கத்தரிக்கோலோட முனைய மேல வைக்காத... ம்... ம்... வண்டி ஓட்டும்போது?... அவங்க ஓட்டும்போது நீங்க பக்கத்துல... மிரர் பாரு, கியர மாத்து, அந்த சைக்கிள்காரன் வருவான்... வந்தானா?... வரல... ம்... சார், உங்க ஸ்கூல் வண்டில வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்ல?... ஆமா, அது தெரியும்... என்ன சொன்னீங்க?... திரும்பச் சொல்லுங்க... சொந்த வண்டிலயுமா?!... வீட்டு வண்டில... நீங்க உக்கார்ற பக்கம்... ரெண்டாவது பிரேக்கு... எப்ப சார் போட்டீங்க?..."

ஆலோசகர் நாற்காலியைக் காலால் இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"கல்யாண நாளுக்கு?... பரிசாவா?... ரிப்பன் வேற கட்டி... ம்... என்ன கலர் ரிப்பன்?... இல்ல, சும்மா கேட்டேன்... இல்ல சார், சிரிக்கல... இருமல்... தண்ணி குடிச்சிட்டு வரேன், ஒரு நிமிஷம்..."

போனை மார்போடு அழுத்திக்கொண்டு ஆலோசகர் குலுங்கினார். எத்தனையோ ஜோடிகளின் கதையைக் கேட்டவர். நகை வாங்கித் தராத கணவர்கள் உண்டு, தேதியை மறந்த கணவர்கள் உண்டு. கல்யாண நாளுக்குப் பிரேக் வாங்கித் தந்தவரை இப்போதுதான் பார்க்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"வந்துட்டேன் சார்... அவங்க என்ன சொன்னாங்க, ரிப்பனப் பாத்து?... 'ரொம்ப அழகா இருக்கு'ன்னாங்களா... அப்புறம்?... சாவிய ஆணில மாட்டிட்டாங்க... ம்... அன்னிலேருந்து பஸ்தானா... அவங்க தனியாவே வருஷக்கணக்கா ஓட்டினவங்கதானே?... இடிச்சதுண்டா?... கீறல்கூட இல்ல... ம்... பின்ன ஏன் சார்?... ம்... ம்..."

அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஆலோசகர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார்.

"சொல்லட்டுமா?... அவங்க பக்கத்துல உக்காந்து போகும்போதெல்லாம், இவளுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு உங்களுக்குப் பயமா இருக்கும். அத வாயால சொல்லத் தெரியல. அதனால பிரேக்க வச்சுச் சொன்னீங்க... ஆமாவா?... அதேதானா?... சார்... அது அவங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்னு எனக்குத் தெரியாது. அவங்கதான் சொல்லணும். நீங்கதான் கேக்கணும்... அதுக்குத்தான் சார் மேல கூப்பிடறேன். போன ரெண்டு தடவையும் நீங்க வரல... என்னது?... வந்தீங்களா?... எங்க வந்தீங்க?... இங்கயா?... இதே கார்லயா?..."

ஆலோசகர் எழுந்து நின்றுவிட்டார்.

"நிஜமாவா சார்?... அவங்க உள்ள போனதப் பாத்தீங்க... அவங்க திரும்பி வெளிய வர்றவரைக்கும் உக்காந்திருந்தீங்க... பஸ் ஸ்டாப் வரைக்கும் மெதுவாப் பின்னாடியே ஓட்டிட்டுப் போனீங்களா... அவங்க பாக்கலையா?... சீட்டுல கீழ சறுக்கிட்டீங்களா... வண்டி ஓடிட்டு இருக்கும்போதா! வாத்தியாரே!... சரி, சரி, நிப்பாட்டிட்டுத்தான்... ஏன் சார், இவ்ளோ தூரம் வந்துட்டு ஏன் மேல வரல?... ம்... மேல வந்தா அவங்க 'போறேன்'னு சொல்லிடுவாங்க... வெளியாள் ஒருத்தி முன்னாடி சொல்லிட்டா அப்புறம் அது நெஜமாயிடும்... கார்லயே இருந்தா, இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லல... ஆமாவா?... ம்... சார், மூக்கச் சிந்துங்க. டிஷ்யூ அக்கா கையில இருக்கும்..."

அவசரமில்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவசரம் இருந்தது. மனைவி எழுந்து பையைத் தோளில் மாட்டிவிட்டாள். உதவியாளர் அவசர அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றி அதன் இன்னொரு காலைக் காட்டி என்னவோ சொன்னார். அவள் அதை வாங்கி ஒரு முறை மடக்கி விரித்துப் பார்த்து, சிரித்து, அவர் மூக்கிலேயே மாட்டிவிட்டாள். உதவியாளர் பரிதாபமாகக் கதவின் பக்கம் பார்த்தார். அவள் லிஃப்டுக்கு முன்னால் போய் நின்று பட்டனை அழுத்தினாள்.

"சார், கேளுங்க. எனக்கு இப்பச் சொன்னீங்கல்ல, வந்தேன், கீழயே இருந்தேன்னு. அத நான் யாருக்கும் சொல்ல முடியாது. அது பூட்டுக்குள்ள போயிடுச்சு. நீங்கதான் சொல்லணும்... என்ன சொல்லி ஆரம்பிக்கறதா? அதச் சொல்லித்தான்... 'வந்தேன், கீழயே உக்காந்திருந்தேன்'. அவ்ளோதான்... டிராஃபிக் வேணாம், லாரி வேணாம், ரெண்டு சக்கரமும் வேணாம்... பிரேக்கு பத்தி அப்புறம் பேசலாம், அது ஒரு தனி நாளுக்கு வேணும்... இப்பவே சார்... இப்பவேன்னா இப்பவே... அவங்க போறேன்னு சொல்லிட்டாங்கன்னா?..."

ஆலோசகர் ஒரு கணம் கண்ணாடிப் பட்டையைப் பார்த்தார், பிறகு தரையை.

"சொல்லலாம் சார். சொல்ல மாட்டாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்... ம்... சொன்னாலும் நான் அங்கதான் இருப்பேன். நீங்க தனியாக் கேக்க வேண்டியதில்ல... ம்... இறங்குங்க... இறங்கிட்டீங்களா?... பாத்தேன், பாத்தேன்... சட்டை நல்லாத்தான் இருக்கு... சார், சார், பூட்டாதீங்க, அக்கா உள்ள இருக்காங்க!... கத்தறாங்க பாருங்க... ஆங், திறந்துடுங்க... சரி, வாங்க... வாசலுக்கு வந்துட்டீங்களா?... படியிலயா?... படியேறி வந்தா மனசு தெளியுமா... வேணாம் சார், லிஃப்ட்ல வாங்க... நல்லதுதான், உடம்புக்கு நல்லதுதான், நாளைக்கு ஏறிக்கலாம்... இன்னிக்கு லிஃப்டு... ஏன்னு கேக்காதீங்க சார், கெஞ்சிக் கேக்கறேன்... இப்பத்தான் கீழ வந்து திறக்குதா? ஏறுங்க... ஏறிட்டீங்களா?... மூணு... மூணு அழுத்துங்க... மூணு சார், ரெண்டு இல்ல... ஹலோ... கேக்குதா?... ஹலோ... சார்?..."

லைன் அறுந்துவிட்டது.

ஆலோசகர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கண்ணாடிப் பட்டையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். லிஃப்ட் கதவுக்கு மேலே ஒன்று எரிந்தது. மனைவி பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். இரண்டு எரிந்தது. மூன்று எரிந்தது.

கதவு விலகியது. உள்ளே வாத்தியார், அவரும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, கையில் கசங்கிய டிஷ்யூவோடு நின்றார். அவர் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்பது அறைக்குள் கேட்கவில்லை. நீளமாக ஒன்றுமில்லை. மனைவி லிஃப்டுக்குள் ஏறவில்லை. அவரும் இறங்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்தபடி அப்படியே நின்றார்கள்.

கதவு தன் வழக்கப்படி மூடத் தொடங்கியது. உள்ளேயிருந்து ஒரு கையும் வெளியேயிருந்து ஒரு கையும் ஒரே நேரத்தில் நீண்டு அதைப் பிடித்தன.

ஆலோசகர் போனை மேசையில் வைத்தார்.